சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பிறக்கும் வாரம்

பள்ளிபாளையத்தில் எனக்குத் தெரிந்த விசைத்தறிப் பட்டறைகள் பெரும்பாலானவற்றில் வாரம் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை இரவு ஷிப்ட் ஓட்டியவர் இறங்கும்போது பழைய வாரம் முடிகிறது. பகல் ஷிப்ட்காரர் தறியில் கை வைத்ததும் புது வாரம். இப்படி வைத்ததற்குக் காரணம் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் கூலி கைக்கு வந்தாக வேண்டும். மறுநாள் ஞாயிறு, கறி எடுக்க வேண்டும், மளிகைக் கடைப் பாக்கியைத் தீர்க்க வேண்டும், ஊருக்குப் போகிறவர்கள் பஸ் பிடிக்க வேண்டும். சாயங்காலம் கூலி போட வேண்டுமானால் அன்று பகலுக்குள் துணியை இறக்கி மீட்டர் அளந்து, ஆளுக்கு எவ்வளவு என்று சிட்டையில் ஏற்றி, முன்பணத்தில் இந்த வாரம் எவ்வளவு பிடிப்பது என்று பேசி முடித்து, சில்லறையும் மாற்றி வைத்திருக்க வேண்டும். இத்தனைக்கும் ஒரு முழுப் பகல் ஆகிவிடும். அதனால்தான் கணக்கை வெள்ளி இரவோடு முடிக்கிறார்கள்.

இந்த ஊர்ப் பட்டறைகளுக்கும் நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணைகள் சிலவற்றுக்கும் கணக்கு மென்பொருள் எழுதித் தருவது என் தொழில். அப்பா ஒரு பட்டறையில் கணக்கெழுதியவர். அவருடைய நீள நோட்டில் இடது ஓரத்தில் ஆள் பெயர், மேலே சனி, ஞாயிறு, திங்கள் என்று ஏழு கட்டம், கடைசிக் கட்டம் வெள்ளி. அதையடுத்து ‘பிடித்தம்’, ‘கையில்’ என்று இரண்டு பத்தி. ஞாயிற்றுக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். அந்த நோட்டைத்தான் நான் இப்போது ப்ரௌசரில் திறக்கிற மாதிரி, வெப் ஆப்பாகச் செய்து கொடுக்கிறேன். முதலாளி ஈரோட்டில் இருந்தபடி போனில் பார்ப்பார், கணக்கர் பட்டறையிலிருந்து ஏற்றுவார். இந்த ஆப்பில் எத்தனையோ வசதிகள் உண்டு. ஆனால் ‘வாரம் தொடங்கும் நாள்’ என்று செட்டிங்ஸில் ஓரமாக இருக்கும் ஒரு வரியைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு அது அலங்கார விஷயமாகத் தெரியும். எனக்கு அது கூலி விஷயம்.

ஒரு பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். அவர்கள் எங்கோ ரெடிமேடாக ஒரு மென்பொருள் வாங்கியிருந்தார்கள். அதில் வாரம் திங்கள் முதல் ஞாயிறு வரை என்று இறுகிக் கிடந்தது, மாற்ற வழியே இல்லை. சனிக்கிழமை கூலி போட உட்கார்ந்தால் அது திங்கள் முதல் வெள்ளி வரை நெய்ததைக் காட்டும். போன சனிக்கிழமை நெய்தது போன வாரத்தின் பக்கத்தில் கிடக்கும். கணக்கர் ஒவ்வொரு வாரமும் இரண்டு பிரிண்ட் எடுத்து, ஒன்றிலிருந்து சனியை வெட்டி இன்னொன்றில் ஒட்டிக் கையால் கூட்டிக்கொண்டிருந்தார். ஒரு தடவை அந்தக் கூட்டல் விட்டுப்போயிற்று. தறி ஓட்டும் ஓர் அம்மா வந்து நின்று, “அண்ணா, போன சனிக்கிழம நான் ஓட்டுன மீட்டரு எங்கீங்ண்ணா போச்சு?” என்று கேட்டார். மீட்டர் எங்கேயும் போகவில்லை, அடுத்த வாரம் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் தன் உழைப்பு எந்த வாரத்தில் விழுந்தது என்று அவர் வந்து கேட்க வேண்டிய நிலை வந்ததே, அதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவர் கையில் சனி முதல் வெள்ளி வரை எழுதிய துண்டுச் சீட்டு இருக்கிறது. திரையில் வேறு வாரம் ஓடுகிறது. சீட்டும் திரையும் ஒத்துப்போகாவிட்டால், தோற்பது எப்போதும் சீட்டு வைத்திருப்பவர்தான்.

‘வாரத்தின் முதல் நாள்’ என்று நாம் ஒன்றாகச் சொல்வதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, திரையில் தெரியும் மாதக் காலண்டரில் முதல் பத்தி எது என்பது. அது பார்க்கிறவர் கண் பழக்கம். சுவரில் மாட்டும் காலண்டரில் ஞாயிறு சிவப்பாக முதலில் வந்து பழகியவருக்குத் திங்களில் தொடங்கும் கட்டத்தைக் கொடுத்தால் தேதியை மாற்றிப் படித்துவிடுவார். அது அவரவர் விருப்பம், அவரவர் போனில் மாற்றிக்கொள்ளட்டும். மற்றது கணக்கு வாரம். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை கூட்டிக் கூலி போடுவது என்பது பட்டறைக்கும் ஆளுக்கும் உள்ள ஒப்பந்தம். அதைத் தனியொருவர் தன் போனில் மாற்றிக்கொள்ளக் கூடாது. பல மென்பொருள்கள் இந்த இரண்டையும் ஒரே செட்டிங்கில் கட்டிப் போட்டுவிடுகின்றன. ஒருவர் கண்ணுக்கு வசதியாக இருக்கட்டும் என்று திங்களுக்கு மாற்றுகிறார், மொத்தப் பட்டறையின் வாரக் கூட்டலும் கலைகிறது. என் ஆப்பில் இரண்டும் வேறு வேறு பக்கத்தில் இருக்கின்றன. கணக்கு வாரத்தை முதலாளியும் கணக்கரும் சேர்ந்து ஒப்புக்கொண்டால்தான் மாற்ற முடியும்.

உள்ளே நடக்கிற கணக்கு அப்படியொன்றும் பெரிதில்லை. கம்ப்யூட்டருக்குக் கிழமைகள் எண்கள்தான். ப்ரௌசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஞாயிறு 0, திங்கள் 1, இப்படியே போய்ச் சனி 6. இன்றைய எண்ணிலிருந்து வாரம் தொடங்கும் நாளின் எண்ணைக் கழித்து, 7 கூட்டி, 7-ஆல் வகுத்தால் வரும் மீதி எத்தனையோ அத்தனை நாள் பின்னால் போக வேண்டும். இன்று புதன், எண் 3. பட்டறை வாரம் சனி, எண் 6. மூன்றில் ஆறு போனால் மைனஸ் மூன்று, ஏழு கூட்டினால் நான்கு. புதனிலிருந்து நான்கு நாள் பின்னால் எண்ணிப் பாருங்கள், சனியில் போய் நிற்கும். அந்த ஏழைக் கூட்டாமல் விட்டால் மைனஸ் மூன்று அப்படியே நின்று, வாரம் இனிமேல் வரப்போகும் சனிக்கிழமையில் தொடங்கியதாக ஆப் சொல்லும். ஒரே வரிதான், அதை எழுதாமல் விடுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

சிக்கல் எண்களில் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் ஞாயிறு பூஜ்யம் என்றால் பைத்தானில் திங்கள் பூஜ்யம். எக்செல்லில் கிழமையைக் கேட்டால், வேறு எதுவும் சொல்லாதவரை, ஞாயிறு ஒன்று. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் கிழமை கேட்க இரண்டு வழி இருக்கிறது: ஒன்றில் ஞாயிறு 1, மற்றதில் திங்கள் 0. போஸ்ட்கிரெஸ்ஸிடம் ஒரு தேதியை வார அளவுக்கு வெட்டித் தரச் சொன்னால் கேட்காமலே திங்களுக்குக் கொண்டுபோய் நிறுத்தும். திரையை ஒருவர் ஒரு மொழியிலும் கணக்கை இன்னொருவர் வேறு மொழியிலும் எழுதும்போது ஒரு நாள் தள்ளிப்போவது இந்த இடைவெளியில்தான். அதனால் நான் கிழமையை எண்ணாகக் கைமாற்றுவதே இல்லை. வாரம் தொடங்கிய தேதியையே முழுதாக எழுதி அனுப்புகிறேன்.

அடுத்தது மணி. எட்டு மணிக்குப் பிறக்கும் வாரத்தை நள்ளிரவில் பிறப்பதாக வைத்தால் வெள்ளி இரவு ஷிப்ட் இரண்டாக அறுந்துபோகும். பன்னிரண்டுக்கு முன் நெய்தது இந்த வாரம், பின் நெய்தது அடுத்த வாரம் என்றாகும். இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. பல மென்பொருள்கள் நேரத்தைச் சர்வதேச நேரத்தில் பதிந்து வைக்கும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. சனிக்கிழமை அதிகாலை இரண்டு மணிக்குப் பதிந்தது அங்கே வெள்ளி இரவு எட்டரையாக இருக்கும். தேதியை அதிலிருந்தே வெட்டி எடுத்தால் நள்ளிரவிலிருந்து காலை ஐந்தரை வரை பதிந்தது தற்செயலாக வெள்ளியில் சரியாகவே விழும். ஐந்தரையிலிருந்து எட்டு வரை பதிந்தது மட்டும் சனிக்குப் போய்விடும். கணக்கு முழுதும் தப்பாக இருந்தால் முதல் வாரமே தெரிந்துவிடும். இரண்டரை மணி நேரம் மட்டும் தப்பினால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது, இரவு ஷிப்ட்காரர் மட்டும் ஏதோ குறைகிறதே என்று யோசித்துக்கொண்டிருப்பார். ஆகவே ‘வாரம் தொடங்கும் நாள்’ என்பதன் பக்கத்திலேயே ‘தொடங்கும் மணி’ என்று இன்னொரு கட்டம் வேண்டும்.

இதெல்லாம் கம்ப்யூட்டர் வந்த பிறகு முளைத்த யோசனை என்று நினைத்துவிட வேண்டாம். 1948-இல் வந்து 2025 வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் வரையறைப் பகுதியில் ‘வாரம்’ என்ன என்று எழுதியிருக்கிறார்கள். சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கும் ஏழு நாள். அதோடு நிறுத்தவில்லை. ஒரு குறிப்பிட்ட பகுதிக்குத் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளர் எழுத்து மூலம் வேறொரு இரவை அனுமதித்தால், அந்த இரவிலிருந்தும் வாரம் தொடங்கலாம் என்று சேர்த்திருக்கிறார்கள். யாரும் எதுவும் சொல்லாவிட்டால் ஒரு நாள், வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ள வழி, மாற்றும் அதிகாரம் யாருக்கு, மாற்றியதற்கு எழுத்துச் சான்று. நல்ல செட்டிங் ஒன்றுக்கு வேண்டிய நான்கும் அந்த ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. இரவு ஷிப்டையும் அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு மறக்கவில்லை. ஷிப்ட் நள்ளிரவைத் தாண்டினால், பன்னிரண்டுக்குப் பின் உழைத்த மணிகளை முந்தைய நாளில் சேர்க்க வேண்டும், அடுத்த நாள் என்பது ஷிப்ட் முடிந்ததிலிருந்து இருபத்துநான்கு மணி நேரம் என்றது. அதைப் படித்தபோது, எழுதியவர் மில் வாசலில் நின்று பார்த்திருப்பார் என்றே தோன்றியது.

மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால்தான் அந்தச் சட்டத்தின்படி அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. சின்னத் தறிப் பட்டறைகள் பல அதற்குள் வரவில்லை. வெப்படைப் பக்கத்து நூற்பாலைகள் வந்தன. அங்கே வாரம் எங்கே தொடங்குகிறது என்பது ஓவர்டைம் பணத்தையே மாற்றிவிடும். நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேலோ வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேலோ உழைத்தால் மிகுதி நேரத்துக்கு இரட்டைக் கூலி என்பது 1948 சட்டத்தின் கணக்காக இருந்தது. ஒருவர் திங்கள் முதல் சனி வரை தினம் 8 மணி நேரம் உழைக்கிறார், 48 ஆயிற்று. மில்லில் ஆள் குறைவு, அடுத்த நாள் ஞாயிறும் 8 மணி நேரம் வருகிறார். அதற்கு ஈடாகத் திங்கள் லீவு கொடுக்கிறார்கள். பிறகு செவ்வாய் முதல் சனி வரை வழக்கம்போல. வாரம் ஞாயிறு தொடங்குகிறது என்றால் முதல் வாரம் 48, இரண்டாம் வாரம் ஞாயிறு 8-உம் செவ்வாய் முதல் சனி வரை 40-உம் சேர்ந்து 48. ஓவர்டைம் இல்லை. வாரம் திங்கள் தொடங்குகிறது என்று வைத்தால் முதல் வாரம் 56, இரண்டாம் வாரம் 40. எட்டு மணி நேரம் ஓவர்டைம். அதே ஆள், அதே மணிகள். வாரத்தின் விளிம்பு ஒரு நாள் நகர்ந்ததில் எட்டு மணி நேரத்து இரட்டைக் கூலி வருகிறது, அல்லது மறைகிறது. இப்படிப்பட்ட ஒன்றை எங்கோ உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறவர் தன் மொழியின் இயல்புப்படி விட்டுவிடலாமா? விடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் எதை எடுத்துக்கொள்கிறது? யூனிகோட் அமைப்பு சி.எல்.டி.ஆர். என்ற பெயரில் ஒரு பெரிய பட்டியல் வைத்திருக்கிறது. நாடு நாடாகத் தேதி எழுதும் முறை, எண்ணில் கமா போடும் இடம், வாரத்தின் முதல் நாள் எல்லாம் அதில் உண்டு. நம் போனும் ப்ரௌசரும் பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான் நடக்கின்றன. அந்தப் பட்டியலில் இந்தியாவுக்கு ஞாயிறு முதல் நாள். இலங்கைக்குத் திங்கள். சிங்கப்பூருக்கு ஞாயிறு, மலேசியாவுக்குத் திங்கள். நான்கு நாட்டிலும் தமிழ் இருக்கிறது. போன் மொழி தமிழ் என்றிருந்தாலும் நாடு எது என்பதைப் பொறுத்து வாரம் மாறும். மாலத்தீவுக்கு வெள்ளி. இங்கிலாந்துக்குத் திங்கள் என்பதில் நமக்கு நேரடித் தொல்லை ஒன்று உண்டு. கம்ப்யூட்டரில் ‘ஆங்கிலம், இங்கிலாந்து’ என்று தேர்ந்து வைத்திருந்தால் திருச்செங்கோட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் காலண்டர் திங்களில் திறக்கும். ஒரே ஆப், பக்கத்துப் பக்கத்து மேசை, இரண்டு விதமான வாரம். “உங்க சாப்ட்வேர் ஆளுக்கொரு மாதிரி காட்டுதுங்க அம்மிணி” என்று போன் வந்தால் நான் முதலில் கேட்பது இந்த மொழிச் செட்டிங்கைத்தான்.

அதே பட்டியலில் வார விடுமுறை என்று தனியே ஒரு பகுதி இருக்கிறது. பல நாடுகளுக்கு அது சனி, ஞாயிறு. இந்தியாவுக்கு ஞாயிறு மட்டும். சனிக்கிழமையும் தறி ஓட்டும் எங்கள் ஊருக்கு அது பொருத்தமான பதிவு. அந்த ஒற்றை ஞாயிறும் சும்மா கிடைத்ததில்லை. பம்பாய் மில் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே ஆண்டுக்கணக்கில் போராடி, 1890 ஜூன் 10 அன்று பெற்றுத் தந்தது.

நாடு ஒன்றுக்கு ஒரு நாள் என்று வைப்பதே சில இடங்களில் போதாது. மலேசியாவில் கெடா மாநிலத்தில், நம் ஆட்கள் கடாரம் என்று அறிந்த அதே இடத்தில், வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஆபீஸ் வாரம் ஞாயிறு தொடங்கும். ஜோகூர் 2014-இல் அந்த முறைக்குப் போய், 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரி 1 அன்று வெள்ளி, சனியை விட்டுச் சனி, ஞாயிறுக்கு வந்தது. அரசாங்கங்களே வாரத்தை இப்படி மாற்றும்போது, மென்பொருளில் அதை ஆணியடித்து வைப்பது சரிப்படாது. கூகுள் காலண்டர் சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாளைத் தேர்ந்துகொள்ள விடுகிறது. காலண்டருக்கு அது போதும். கணக்குக்கு ஏழும் வேண்டும்.

ஞாயிறுதான் இயற்கையான முதல் நாள், பெரியவர்கள் அப்படித்தான் வைத்தார்கள் என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. பஞ்சாங்கத்தையே எடுத்துப் பார்ப்போம். கோளறு பதிகத்தில் சம்பந்தர் கோள்களை வரிசைப்படுத்துவது ஞாயிற்றில் தொடங்கிக் கிழமை வரிசையில்தான், உண்மை. ஆனால் கிழமைகளுக்கு அந்த வரிசை எப்படி வந்தது என்பதைக் காலண்டர் பின்பக்கத்து ஓரை அட்டவணை காட்டிக்கொடுக்கும். மெதுவாக நகரும் கோளில் தொடங்கினால் சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், சந்திரன். மணிக்கு ஒரு கோளாக இதைச் சுற்றிக்கொண்டே போங்கள். நாளின் முதல் ஓரைக்கு உரிய கோளே அந்தக் கிழமைக்குப் பெயர் தருகிறது. இருபத்துநான்கை ஏழால் வகுத்தால் மீதி மூன்று. ஆகவே சனியிலிருந்து மூன்று தள்ளிச் சூரியன், அதிலிருந்து மூன்று தள்ளிச் சந்திரன், பிறகு செவ்வாய். கிழமை வரிசை முழுதும் வந்துவிடும். இந்தச் சங்கிலி சனியில்தான் தொடங்குகிறது. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரத்துச் சுவரில் கிடைத்த கிழமைப் பட்டியலிலும் முதலில் சனி. கலியுகத் தொடக்கத்திலிருந்து நாள்களை எண்ணிக் கிழமை காண்பவர்களோ வெள்ளியிலிருந்து எண்ணுவார்கள். கலியுகம் பிறந்ததாகக் கணிக்கும் கி.மு. 3102 பிப்ரவரி 18 வெள்ளிக்கிழமை என்பதால் அப்படி. ஆக, பஞ்சாங்கக் கணிதத்துக்குள்ளேயே மூன்று முதல் நாள்கள். பஞ்சாங்கத்தில் நாள் பிறப்பதும் நள்ளிரவில் இல்லை, சூரிய உதயத்தில். எட்டு மணிக்கு நாளைத் தொடங்கும் பட்டறைக்காரர் அந்த வழக்கத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார். எந்தக் கணக்கோ அதற்கேற்ற தொடக்கம், அவ்வளவுதான்.

எங்கள் சமவெளியில் இதற்கு வேறு சாட்சியே தேவையில்லை. சேலத்துச் செவ்வாய்ப்பேட்டை சந்தை கூடிய கிழமையால் பெயர் பெற்றது. கொங்கணாபுரம் சந்தை சனி, மேச்சேரி புதன். ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் இரவு கூடிச் செவ்வாயில் முடிகிறது. அங்கே சரக்கு விற்கிறவர்கள் பலருக்குச் செவ்வாயோடு ஒரு சுற்று முடிந்து புதனில் அடுத்த சுற்று. அவர்களுக்கு எழுதிய பக்கத்தில் வாரம் புதன்கிழமை.

இதைவிட வியப்பான வாரம் கோழிப் பண்ணையில் இருக்கிறது. நாமக்கல் பண்ணைகளில் கோழியின் வயதை வாரத்தில்தான் சொல்வார்கள். தீவனம் மாற்றுவது, தடுப்பூசி, விளக்கு எரியும் நேரம், முட்டை இவ்வளவு வர வேண்டும் என்ற அளவுகோல் எல்லாம் வயது வாரத்தைக் கொண்டுதான். பதினெட்டாவது வாரத்தை ஒட்டி முட்டையிடத் தொடங்கும், எழுபத்திரண்டு வாரமும் அதற்கு மேலும் வைத்திருப்பார்கள். அந்த வாரம் எந்தக் கிழமை தொடங்குகிறது? குஞ்சு பொரித்த கிழமை. வியாழனில் பொரித்த பேட்ச்சுக்கு ஆயுள் முழுக்க வாரம் வியாழன்தான். அடுத்த ஷெட்டில் இருப்பது ஞாயிறு பொரித்தது என்றால் அதற்கு ஞாயிறு. ஒரே பண்ணையில் நாலு ஷெட், நாலு வாரத் தொடக்கம். அங்கே வேலை செய்கிறவர்களின் கூலி வாரம் ஐந்தாவது. முதல் பண்ணைக்கு வேலை தொடங்கியபோது அங்கிருந்த சூப்பர்வைசர் ஒவ்வொரு ஷெட் கதவிலும் அட்டையில் பொரித்த தேதியை எழுதித் தொங்கவிட்டிருந்தார். “பேட்ச் பொறந்த நாள மட்டும் போடுங்கம்மா, வாரத்த அதுவே எண்ணிக்கும்” என்றார். ஆப்பில் செய்ததும் அதுவேதான். கிழமை கேட்கும் கட்டமே அங்கே கிடையாது, பொரித்த தேதி மட்டும். பண்ணை முழுமைக்கும் ஒரே வாரம் என்று வைத்திருந்தால் முட்டை குறைந்தது நோயாலா, வாரம் பிசகியதாலா என்று தெரியாமல் போயிருக்கும்.

மொத்த வாரங்களுக்கும் எண் கொடுத்துத் தலைப்பிடும் வழக்கத்தை நான் பட்டறைக் கணக்கில் விட்டுவிட்டேன். 1988-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேசத் தர விதிப்படி வாரம் திங்களில் தொடங்கும், ஆண்டின் முதல் வியாழன் எந்த வாரத்தில் வருகிறதோ அதுவே முதல் வாரம். அதன்படி 2027 ஜனவரி 1, வெள்ளிக்கிழமை, 2026-இன் 53-ஆவது வாரத்தைச் சேர்ந்தது. கப்பல் கம்பெனிக்கு அது உதவலாம். புத்தாண்டு வாரக் கூலிச் சீட்டில் ‘2026, வாரம் 53’ என்று அச்சடித்துக் கொடுத்தால் வாங்குகிறவருக்கு என்ன புரியும்? ‘டிசம்பர் 26 சனி முதல் ஜனவரி 1 வெள்ளி வரை’ என்று இருந்தால் அவரே விரல்விட்டு எண்ணிச் சரிபார்ப்பார்.

வங்கி விஷயத்திலும் கவனம் வேண்டும். 2015 செப்டம்பர் முதல் மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி விடுமுறை. அந்த வாரங்களில் கூலிப் பணத்தை வெள்ளியன்றே எடுத்து வைக்க வேண்டும், ஆப் முன்கூட்டியே நினைவூட்டும். இதைக் காலண்டரின் வரிசையை எண்ணிக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. ஞாயிறு முதல் பத்தியாக இருக்கும் காலண்டரில் இரண்டாவது வரிசையின் சனிதான் எப்போதும் இரண்டாம் சனி. திங்கள் முதல் பத்தி என்றால், ஞாயிறு அன்று பிறக்கும் மாதத்தில் முதல் வரிசையில் அந்த ஒரு ஞாயிறு மட்டும் தனியே நிற்கும். 2026 மார்ச் அப்படிப்பட்ட மாதம். இரண்டாவது வரிசையில் இருந்த சனி 7-ஆம் தேதி, அது முதல் சனி. விடுமுறை 14-இல். ஆகவே சனிக்கிழமைகளைத்தான் எண்ண வேண்டும், வரிசைகளை அல்ல.

கடைசியாக, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கணக்கில் வாரத்தை மாற்றுவது பற்றி. மாற்றத் தேவை வரத்தான் செய்யும். கை மாறிய பட்டறை, கூலியை வங்கிக் கணக்கில் போடத் தொடங்கிய பட்டறை என்று காரணங்கள் உண்டு. அப்போது மென்பொருள் செய்யக் கூடாத ஒன்று, பழைய வாரங்களையும் புது அளவில் மறுபடி வெட்டிக் காட்டுவது. ஆண்டுக் கூட்டல் மாறாது, ஆனால் ஒவ்வொருவரும் பத்திரமாக வைத்திருக்கும் பழைய சீட்டு ஒன்றுகூடத் திரையோடு பொருந்தாது. தீபாவளி போனஸ் பேசும் நேரத்தில் அந்தச் சீட்டுகள்தான் அவர்கள் கையில் இருக்கும் ஆதாரம். ஆகவே செட்டிங்கில் கிழமையோடு ‘எந்தத் தேதியிலிருந்து’ என்பதும் பதிவாக வேண்டும். அதற்கு முன்னால் உள்ளவை பழைய வாரத்திலேயே நிற்கட்டும். சனியிலிருந்து திங்களுக்கு மாறும்போது நடுவில் ஒரு சனியும் ஞாயிறும் எந்த வாரத்திலும் சேராமல் நிற்கும். அதை இரண்டு நாள் குட்டி வாரமாகத் தனிச் சீட்டுப் போட்டு அப்போதே கூலியைக் கொடுத்துவிடுவது என் வழக்கம். ஒன்பது நாள் வாரமாக நீட்டினால் ஒருவருக்குக் கூலி இரண்டு நாள் தள்ளிப்போகும், மளிகைக் கடைக்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார். மாற்றுவதற்குப் பொங்கல் லீவு முடிந்து தறி மறுபடி ஓடத் தொடங்கும் நாளைச் சொல்கிறேன். லீவுக்கு முன்பே எல்லார் கணக்கும் தீர்ந்திருக்கும், நடுவில் நெய்த மீட்டர் எதுவும் இருக்காது, குட்டி வாரமும் தேவைப்படாது. தை பிறக்க ஒரு மாதம் முன்பே பட்டறைச் சுவரில் தமிழில் எழுதி ஒட்டச் சொல்கிறேன். வட மாநிலத்து ஆட்கள் இருக்கும் இடத்தில் இந்தியிலும்.